யார் உட்காரப் போகிறார்கள் என்று சொல்லாத பந்தி

போன செவ்வாய்க்கிழமை காலை, மாட்டுங்காவில் ஒரு கல்யாண மண்டபத்து ஆபீஸ் அறையில் எங்கள் கம்பெனியின் மானம் போயிற்று.

பெரிய மானம் ஒன்றும் இல்லை. செம்பூரில் ஒரு பழைய கட்டடத்தின் நான்காவது மாடியில் இருக்கும் சின்னக் கம்பெனி. மண்டபங்களுக்கு சாஃப்ட்வேர் செய்து விற்கிறோம். எந்த முகூர்த்தம் யாருக்கு, எத்தனை அறை, எத்தனை பந்தி, எந்த இலைக்குச் சர்க்கரை போடாத பாயசம், எந்த இலைக்கு வெங்காயம் பூண்டு ஆகாது — எல்லாம் திரையில் வரும். வர வேண்டும். அன்றைக்கு வந்தது வேறு.

மண்டப மேனேஜர் பட்டனை அழுத்தினார். திரை முழுக்கச் சிவப்பு எழுத்து.

"இது என்ன சார், மெனுவா?" என்றார்.

மெனு இல்லை. ஜாவாவின் ஒப்பாரி.

ஜாவா என்பது கம்ப்யூட்டரிடம் வேலை வாங்கும் மொழிகளில் ஒன்று. இருபத்தைந்து வருஷமாக நான் சோறு சாப்பிடுவது அதில்தான். உங்களுக்கு வாராவாரம் எழுதுவதெல்லாம் ஊறுகாய். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் விழுந்தால் ஜாவா சும்மா விழாது. என்ன ஆயிற்று என்று முதல் வரியில் சொல்லும். அதற்குக் கீழே, எந்த ஃபைலில் எந்த வரியில் என்று நீளமாக அழும். நீளம் எவ்வளவு இருந்தாலும் எல்லாரும் படிப்பது மேலே இருக்கும் முதல் பெயரைத்தான். அன்றைக்கு முதல் பெயர், ஜெனிஃபர் எழுதிய ஃபைல்.

எங்கள் ஆர்க்கிடெக்ட் விச்சு சார் நெற்றியில் இருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார்.

"யாரோட கோடு மா இது?"

யார் எழுதிய புரோகிராம் என்று அவருக்குத் தெரியும். அந்த அறையில் 'மா' போட்டுக் கூப்பிடக்கூடிய ஆள் ஒருத்திதான் இருந்தாள்.

மேனேஜர் நியாயமான மனிதர். அவர் கவலை வேறு. "எனக்கு ஒண்ணு சொல்லுங்கோ. கல்யாணத்தன்னிக்கு இப்படிச் சிவப்பா வந்தா, நான் இலை போடறதா, வேண்டாமா?"

வியாழக்கிழமை மறுபடி வந்து காட்டுகிறோம் என்று சொல்லிவிட்டு லேப்டாப்பை மூடினோம்.

இரண்டு பேரை அறிமுகப்படுத்திவிடுகிறேன். விச்சு என்பது நான் வைத்த பெயர். நிஜப் பெயரைப் போட முடியாது. அவர் இருக்கும் முலுண்டிலும் இந்தப் பத்திரிகை கிடைக்கிறது. ஆர்க்கிடெக்ட் என்றதும் வீடு கட்டுபவர் என்று நினைக்க வேண்டாம். சாஃப்ட்வேரில் அந்தப் பட்டம் உள்ளவர் எதையும் கட்ட மாட்டார். போர்டில் சதுரம் போடுவார். சதுரத்திலிருந்து சதுரத்துக்கு அம்பு விடுவார். டீ குடிப்பார். அம்பு எங்கே போய்ச் சேருகிறதோ, அங்கே யாராவது ஒருவர் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருப்பார்.

ஜெனிஃபர் எங்களிடம் சேர்ந்து ஆறு மாதம் முடியப் போகிறது. ப்ரொபேஷன். வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று முதலாளி அந்த வெள்ளிக்கிழமை முடிவு சொல்ல வேண்டும். தாராவியில் வீடு, திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். முன்னால் ஒரு கால் சென்டரில் இருந்தாள். யாரோ ஊர் பேர் தெரியாதவர்கள் திட்டுவதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டு "ஸாரி சார்" சொல்வது வேலை. அது போதும் என்று விட்டுவிட்டு, ஜாவா படித்து, எங்கள் நான்காவது மாடிக்கு வந்தாள். இங்கேயும் அனுப்பிவிட்டால் மறுபடி அந்த ஹெட்போன்தான்.

சரி, திரை ஏன் சிவந்தது? நான் அந்த அறையில் இருந்தேன். பார்த்ததைச் சொல்கிறேன்.

மேனேஜர் வருவதற்குக் கொஞ்சம் நேரம் முன்பு. அவர் உள்ளே சமையல்காரரோடு தேங்காய் விஷயமாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் மூவரும் ஆபீஸ் அறையில் காத்திருந்தோம். விச்சு சாருக்குச் சும்மா இருக்க வராது. ஜெனிஃபரின் லேப்டாப்பில் எட்டிப் பார்த்தார்.

"ஏன் மா, ஒவ்வொரு இலையா எடுத்துண்டிருக்கே? என் பந்தி க்ளாஸ்ல முழு வரிசையையும் ஒரே தடவையில குடுக்கற மெத்தட் இருக்கே. அதைப் போடு. அழகா இருக்கும்." க்ளாஸ் என்பது ஒரு வேலைக்கென்று எழுதி வைத்த புரோகிராம் துண்டு, மெத்தட் என்பது அதனிடம் ஒரு காரியத்தைக் கேட்டு வாங்கும் வழி.

"இது ஓடுது சார்," என்றாள்.

"ஓடறது முக்கியமில்லை மா. அழகா ஓடணும்."

அவள் மாற்றினாள். ஆர்க்கிடெக்ட் சொல்லி மாற்றாமல் இருக்க ப்ரொபேஷனில் முடியுமா? மாற்றியதும் கம்பைலரிடம் கொடுத்தாள். கம்பைலர் என்பது நாம் எழுதியதை வரிவிடாமல் படித்துப் பார்த்து, தப்பு இருந்தால் திருப்பி அனுப்பும் புரோகிராம். எங்கள் ஆபீஸில் எழுதியதை வரிவிடாமல் படிக்கும் ஒரே ஜீவன் அதுதான். அது படித்தது. ஒரு குறையும் சொல்லவில்லை.

"பாத்தியா? கம்பைல் ஆயிடுத்து. அப்புறம் என்ன?" என்றார் விச்சு சார்.

ஒரு தடவை ஓட்டிப் பார்க்க அவள் கை வைத்தாள். கதவு திறந்தது. மேனேஜர் வந்துவிட்டார்.

இப்போது கொஞ்சம் ஜாவா. முகம் சுளிக்காதீர்கள். உங்கள் வீட்டுக் கல்யாணத்துப் பாயசம் இதில் மாட்டியிருக்கிறது.

ஜாவாவில் அர்ரே என்று ஒன்று உண்டு. வேறொன்றுமில்லை, வரிசை. இத்தனை இடம் என்று சொன்னால் இத்தனை இடம் போட்டுக் கொடுக்கும். அதற்கு ஒரு குணம் — இலைக்கென்று போட்ட வரிசை, தான் ஓர் இலை வரிசை என்பதை மறக்கவே மறக்காது. நீங்கள் எப்படிச் சுற்றி வளைத்து ஒரு நாற்காலியை அங்கே கொண்டுவந்தாலும் அந்த இடத்திலேயே கையைத் தட்டிவிடும். சில வீடுகளில் மாமிகள் இருப்பார்கள், உங்கள் கல்யாணத்தில் யார் எந்தப் பந்தியில் சாப்பிட்டார்கள் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த ரகம்.

இன்னொன்று ஜெனரிக். ஒரே க்ளாஸை எழுதி வைத்துக்கொண்டு, இலைக்கு வேண்டுமானால் இலைக்கு, அறைக்கு வேண்டுமானால் அறைக்கு என்று பயன்படுத்துகிற வசதி. கம்பைலரின் முன்னால் இருக்கும் வரை ஜெனரிக் கறாராகப் பேசும். 'இது இலைக்கு மட்டும்' என்று பலகை எழுதி மாட்டும். ஆனால் புரோகிராம் ஓட ஆரம்பித்ததும் பலகையைக் கழற்றிப் போட்டுவிட்டு, தான் எதற்கு வந்தோம் என்பதையே மறந்துவிடும். வாசலில் ஆயிரம் சட்டம் பேசிவிட்டு மார்க்கெட்டுக்குப் போய், என்ன வாங்க வந்தோம் என்று வீட்டுக்கு போன் செய்கிற கணவனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நான் தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.

மறக்கவே மறக்காத ஒன்றையும், உள்ளே வந்ததும் மறந்துவிடுகிற ஒன்றையும் சேர்த்து வைத்தால்? 'எனக்கு ஒரு வரிசை போடு, யாருக்கு என்று அப்புறம் சொல்கிறேன்' என்று ஜெனரிக் க்ளாஸுக்குள் எழுதினால், கம்பைலர் முடியாது என்று சொல்லிவிடும். யாருக்கு என்று தெரியாமல் அர்ரே எதை ஞாபகம் வைத்துக்கொள்ளும்? நியாயம்தானே?

நியாயம் விச்சு சாருக்கு ஒத்துவராது. பத்து வருஷம் முன்பு அவர் பந்தி என்று ஒரு க்ளாஸ் எழுதினார். எதை வேண்டுமானாலும் உட்கார வைக்கலாம் — இலை, அறை, கார் நிறுத்தும் இடம், மைக் செட். கம்பைலர் முரண்டு பிடித்ததும் அவர் ஒரு குறுக்கு வழி கண்டார். உலகத்தில் உள்ள எந்தப் பொருளையும் வைக்கக்கூடிய ஒரு பொது வரிசையைப் போட்டார். அதன்மேல், நீங்கள் கேட்கும் வரிசை இதுதான் என்று ஒரு சீட்டை ஒட்டினார்.

கம்பைலர் எச்சரித்தது. தடுக்கவில்லை, எச்சரித்தது.

அவர் அதற்கும் வழி வைத்திருந்தார். மேலே ஒரே ஒரு வரி. 'எச்சரிக்கையைக் காட்டாதே' என்று ஜாவாவுக்குச் சொல்லும் வரி. அதன் பிறகு பத்து வருஷம் அமைதி.

எப்படி அமைதி? அந்த க்ளாஸை வைத்து வேலை செய்த நாங்கள் எல்லோரும் ஒவ்வொரு பொருளாகக் கேட்டோம். ஒவ்வொன்றாகக் கேட்டால் உள்ளே இருப்பது நிஜமான இலைதானே, ஒரு வம்பும் இல்லை. முழு வரிசையையும் கையில் கொடு என்று யாரும் கேட்கவில்லை. விச்சு சார் அழகுக்காக எழுதிவைத்த அந்த மெத்தடை, அவர் பேச்சைக் கேட்டு முதலில் கூப்பிட்டவள் ஜெனிஃபர். வரிசை வெளியே வந்தது. சீட்டில் ஒன்று எழுதியிருக்கிறது, உள்ளே வேறு ஒன்று. ஜாவா ஒப்பாரி வைத்தது — சீட்டு ஒட்டிய இடத்தில் அல்ல, வரிசையைக் கையில் வாங்கியவள் வீட்டு வாசலில்.

எங்கள் கட்டடத்து லிஃப்டில் இதே கதை தினமும் நடக்கிறது. உள்ளே ஏழு பேர் ஏறுவார்கள், அதில் நான்கு பேர் இரண்டு ஆள் எடை. மணி அடிக்காது. கடைசியாக ஒல்லியாக ஒரு பெண் காலை வைப்பாள். மணி அடிக்கும். பதினான்கு கண்ணும் அவளைப் பார்க்கும். அவள் இறங்கிவிடுவாள். லிஃப்ட் நிம்மதியாக மேலே போகும், அந்த நான்கு பேரோடு.

மண்டபத்திலிருந்து வெளியே வந்ததும் விச்சு சார் முதலாளியோடு போனில் பேசிக்கொண்டே முன்னால் நடந்தார். "புதுப் பொண்ணு... டெஸ்ட் பண்ணலை போலிருக்கு..." என்பது வரை காதில் விழுந்தது. நானும் ஜெனிஃபரும் பின்னால்.

"மறுபடி ஸாரி சார்தானா?" என்றாள் அவள்.

"என்ன?"

"ஹெட்போன மாட்டிக்கிட்டு. ஸாரி சார், ஸாரி மேடம்."

"அதெல்லாம் இல்லை ஜெனி. நான் பேசறேன்."

"நீங்க பேசுவிய சார். நீங்க பத்திரிகையில எழுதுதத எங்கம்மா வாரம் தவறாம வாசிக்காவ. நல்லாத்தான் பேசுதிய." கொஞ்சம் யோசித்து, "அதுல," என்று சேர்த்துக்கொண்டாள்.

"நீ படிக்கறதில்லையா?"

"எனக்குத் தமிழ் ஸ்லோவாத்தான் வாசிக்க வரும் சார். ஜாவா ஃபாஸ்ட்டா வரும்."

எனக்கு இரண்டுமே ஸ்லோ.

"ஏன் சார், ஒரு விஷயம் கேக்கேன். நான் கேட்டது இலை வரிசை. அவிய க்ளாஸ் இலை வரிசைன்னு சொல்லித்தான் குடுத்துச்சு. உள்ள பாத்தா என்னவோ ஃபாலதூ, ஒண்ணுத்துக்கும் ஆகாத வரிசை. இதுல நான் என்னத்தப் பண்ணுனேன்?"

"வாங்கிண்டியே."

அவள் சிரிக்கவில்லை. எனக்கும் அது ஜோக்காகத் தோன்றவில்லை.

அன்று வீட்டில் சாப்பிடும்போது என் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். ஜாவாவைத் தவிர்த்துச் சொன்னேன், ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

"அவர் சொல்லித்தான் அவ மாத்தினான்னு உங்களுக்குத் தெரியுமோன்னோ?"

"தெரியும். பக்கத்துலதானே இருந்தேன்."

"மேனேஜர் எதிர்ல அவர் யாரோட கோடுன்னு கேட்டப்போ நீங்க என்ன சொன்னேள்?"

"தொண்டையைச் செருமினேன்."

"அது சளி," என்றாள். மோர் ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

புதன்கிழமை முதலாளி மீட்டிங் வைத்தார். முதலாளி கணக்குப் படித்தவர். ஜாவா என்பது ஒரு செலவுத் தலைப்பு என்ற அளவில் அவருக்கு அதோடு பழக்கம்.

"எனக்கு டெக்னிக்கலா ஒண்ணும் சொல்லாதீங்கோ," என்று ஆரம்பித்தார். "யாருன்னு மட்டும் சொல்லுங்கோ."

விச்சு சார் நாற்காலியில் சாய்ந்தார். "யாருன்னு கை காட்டறது என் கல்ச்சர் இல்லை சார். ஆனா லைன் நம்பர் ஜெனிஃபரோடது."

நான் செருமினேன். பிறகு — மோர் ஞாபகம் வந்தது — பேசவும் செய்தேன். "அந்த லைனை மாத்தச் சொன்னது நீங்கதானே விச்சு சார்? நான் பக்கத்துல இருந்தேன்."

"நான் சஜஷன் சொன்னேன்," என்றார் கொஞ்சமும் அசையாமல். "சஜஷனை எடுத்துண்டா டெஸ்ட் பண்ண வேண்டியது யாரோட பொறுப்பு?"

முதலாளி தலையாட்டினார். கடைசியாகப் பேசியவருக்குத் தலையாட்டுவது அவர் நிர்வாக முறை. ஜெனிஃபரிடம் திரும்பினார்.

"ஓட்டிப் பார்த்தியாமா?"

"இல்ல சார்."

"ஏன்?"

"மேனேஜர் வந்துட்டாரு சார். நேரம் கெடைக்கல."

"அப்போ தப்பு உன்னுதுதானே?"

நான் அவளைப் பார்த்தேன். அழுவாள் அல்லது கத்துவாள் என்று நினைத்தேன். இரண்டுக்கும் எங்கள் ஆபீஸில் முன்னுதாரணம் உண்டு.

"ஓட்டிப் பாக்காதது எந் தப்புதான் சார். ஒத்துக்கிடுதேன்," என்றாள். "ஒடஞ்சது எதனாலன்னு ஒரு நிமிஷம் காட்டட்டா?"

"இப்போ எதுக்கு மா..." என்று விச்சு சார் ஆரம்பித்தார்.

ஆனால் அந்த அறையில் சுவரோடு சுவராக ஒரு பெரிய டி.வி. இருக்கிறது. முதலாளி ஆசையாக வாங்கி மாட்டியது. அதை யாரும் உபயோகிப்பதில்லை என்பது அவருக்கு நெடுநாள் மனக்குறை. "காட்டட்டுமே. டி.வி. சும்மாதானே கிடக்கு," என்றார்.

ஜெனிஃபர் லேப்டாப்பை மாட்டினாள். பந்தி க்ளாஸைத் திறந்தாள். மேலேயே விச்சு சாரின் பெயர் இருந்தது. அவர் தான் எழுதிய எல்லாவற்றின் மேலும் பெயர் போடுவார், டீ கப் உட்பட.

"சார், நான் எதையும் புதுசா எழுதல. இந்த ஒரு வரிய மட்டும் எடுக்கேன்."

எச்சரிக்கையைக் காட்டாதே என்று சொல்லும் வரியை அழித்தாள். கம்பைலரை ஓட்டினாள், மனதில் இருப்பதையெல்லாம் விவரமாகச் சொல்லு என்று கேட்டுக்கொண்டு. சத்தமில்லாமல் மஞ்சளாக ஒரு வரி வந்தது. பந்தி ஃபைலின் பெயர், வரி எண், பிறகு விஷயம்.

முதலாளி எழுந்து கிட்டே போய் ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தார். "அன்செக்டு காஸ்ட்... அப்படின்னா என்ன?"

"இது இன்னாரோட வரிசைன்னு நீ சொல்லுத, நான் அதச் சரிபாக்க முடியாது, பின்னால ஒடஞ்சா என்னக் கேக்காத — அப்படின்னு சொல்லுது சார்."

"யார் சொல்றா?"

"ஜாவாதான் சார்."

"எப்பலேர்ந்து சொல்லிண்டிருக்கு?"

"இந்த க்ளாஸ எழுதுன அன்னைக்கே சொல்லிருக்கும் சார். மேல இந்த வரியப் போட்டு வாய அடச்சு வச்சிருக்காவ."

"இதெல்லாம் இண்டஸ்ட்ரி ப்ராக்டீஸ் சார். உலகம் பூரா பண்றா," என்றார் விச்சு சார்.

பொய் இல்லை. பெரிய பெரிய ஆட்களே செய்கிறார்கள். ஆனால் அவர்கள் அந்த வரிசையை உள்ளே பூட்டி வைத்து, கேட்பவர்களுக்கு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பார்கள். இவர் வாய்க்குப் பூட்டுப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைத்தார். இதை நான் முதலாளியிடம் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. ஆனால் கடைசியாகப் பேசியவன் நான், தலையாட்டினார்.

"சரி பண்ண எவ்வளவு நாள் ஆகும்?" — இது மட்டும்தான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"பண்ணி வச்சிருக்கேன் சார்," என்றாள் ஜெனிஃபர். "வரிசை போடும்போதே யாருக்குன்னு கேட்டு வாங்கி, அந்த ஆளுக்கே நெஜமான வரிசை போட்டுரலாம். ஜாவாவுல அதுக்கு வழி இருக்கு. இன்னொண்ணு... வரிசை போட்டதும் எல்லா எடமும் வெறுமையா இருக்கும் சார். எடம் இருக்கும், எலை இருக்காது. இல்லாத எலைக்குப் பாயசம் என்னன்னு கேட்டா அதுக்கும் ஒடையும். அதனால மொதல்ல என்ன வைக்கணும்னும் கேட்டு, எல்லா எடத்துலயும் வச்சுருதேன். ரெண்டு கேள்வி. அவ்வளவுதான்."

"அப்புறம் என்ன? போட்டுட வேண்டியதுதானே."

"விச்சு சார் க்ளாஸ்ல கை வைக்கணும் சார். அவிய பெர்மிஷன் வேணும்."

"என் க்ளாஸை யாரும் தொடப்படாது," என்றார் விச்சு சார். பழக்கதோஷம். யோசிக்காமல் வந்துவிட்டது. "பத்து வருஷமா ஓடிண்டிருக்கு. உன் ஸ்க்ரீனை வேணா சரி பண்ணிக்கோ."

முதலாளி ஜாவா தெரியாதவர், கணக்குத் தெரிந்தவர். மெல்லத் திரும்பினார்.

"ஏன் விச்சு, தப்பு அவ லைன்லதான் இருக்குன்னா, சரி பண்ண உம்ம க்ளாஸை எதுக்குத் தொடணும்?"

விச்சு சார் வாயைத் திறந்தார். எச்சரிக்கையைக் காட்டாதே என்று யாரோ மேலே ஒரு வரி எழுதிவிட்ட மாதிரி உட்கார்ந்திருந்தார்.

முதலாளி உத்தரவில் ஜெனிஃபரின் திருத்தத்தைப் போட்டு, வியாழக்கிழமை மாட்டுங்காவில் மறுபடி காட்டினோம். மேனேஜர் பட்டனை அழுத்தினார். வரிசையாக இலைகள் வந்தன. எந்த இலைக்கு என்ன ஆகாது என்பதும் வந்தது. மேனேஜர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "அன்னிக்கு அந்தச் சிவப்பு, பார்க்கக் கல்யாணக் களையா இருந்தது," என்றார். ஆர்டர் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை இரண்டு மெயில்கள் வந்தன.

முதல் மெயில், ஜெனிஃபருக்கு வேலை நிரந்தரம். சந்தோஷம். கேக் வெட்டினோம்.

இரண்டாவது மெயில் எல்லோருக்கும். எங்கள் சாஃப்ட்வேரின் அடித்தளத்தில் இருந்த ஒரு நுட்பமான பிரச்சினை, விச்சு சாரின் வழிகாட்டுதலில் கண்டுபிடிக்கப்பட்டுச் சரி செய்யப்பட்டதாம். கம்பைலரின் எச்சரிக்கைகளை ஏன் மதிக்க வேண்டும் என்பது பற்றி அவர் அடுத்த வாரம் எல்லோருக்கும் வகுப்பு எடுப்பாராம். வராதவர்கள் காரணம் எழுதித் தர வேண்டும். கடைசியாக ஒரு வரி — பந்தி க்ளாஸ் இன்று முதல் ஜெனிஃபர் பொறுப்பு.

உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கிறதா? ஆபீஸில் வேலை பார்த்தவர்களுக்கு இருக்காது. ஓட்டையைக் காட்டியவன் கையிலேயே ஓட்டையைக் கொடுத்துவிடுவது நமது நிர்வாக மரபு. சாலையில் பள்ளம் என்று புகார் கொடுத்தவர் வீட்டு முன்னால்தானே அடுத்த முறை தோண்டுகிறார்கள்.

கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஜெனிஃபரிடம் போனேன். ஆறுதல் சொல்லலாம் என்று.

"பாத்தியா, உன் தலையிலேயே கட்டிட்டார்."

"சார், அந்த க்ளாஸ் இப்ப எம் பேர்லதான?"

"ஆமாம்."

"விச்சு சார்ட்ட பெர்மிஷன் கேக்கத் தேவையில்ல?"

"உன்னுதுன்னு ஆயிடுத்தே. நீதான் பெர்மிஷன்."

"பஸ், அது போதும்," என்றாள். கேக்கைச் சாப்பிட ஆரம்பித்தாள்.

மூன்று நாள் கழித்து எனக்கு விஷயம் புரிந்தது. புதன்கிழமை அவள் செய்து வைத்திருந்த திருத்தத்தில் பழைய வழியும் கூடவே இருந்தது. யாருடைய வேலையும் கெட வேண்டாமே என்று. யாருக்கு என்று சொல்லாமல் பந்தி போடுகிற அந்தப் பழைய வழியை, வெள்ளிக்கிழமை கிளம்புவதற்கு முன் அவள் எடுத்துவிட்டாள். முழுசாக. முழு வரிசை கொடுக்கும் மெத்தட் அப்படியே இருக்கிறது, இப்போது அது நிஜமாகவே அழகாக ஓடுகிறது.

அதனால் என்ன? அந்த க்ளாஸை எங்கெல்லாம் உபயோகித்திருக்கிறோமோ, அங்கெல்லாம் திங்கட்கிழமை காலையில் கம்பைலர் நின்றுவிட்டது. ஒவ்வொரு இடத்திலும் இரண்டே கேள்வி. யார் உட்காரப் போகிறார்கள்? முதலில் என்ன வைப்பது? பதில் எழுதாமல் ஒரு வரி நகராது. எச்சரிக்கை இல்லை இது, வாயை அடைக்க வழியில்லை.

அதை அதிகமாக உபயோகித்தவர், நீங்கள் நினைப்பவரேதான். இந்த வாரம் போர்டில் சதுரம் எதுவும் இல்லை. அம்பும் இல்லை. விச்சு சார் கண்ணாடியை மூக்கிலேயே வைத்துக்கொண்டு, பத்து வருஷத்து வரிகளைத் தேடித் தேடி, இது இலைக்கு, இது அறைக்கு, இது கார் நிறுத்துமிடத்துக்கு என்று ஒவ்வொன்றாகப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறார். நேற்று ஜெனிஃபரின் மேஜைக்கே வந்துவிட்டார்.

"ஏன் மா, இந்த ஒண்ணுல யார் உட்காரறான்னு எனக்கே ஞாபகம் இல்லை. ஏதாவது பொதுவா போட்டுக்கலாமா?"

அவள் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். "ஸாரி சார்."

வாசகர்களே, இந்த வாரப் பத்தி கொஞ்சம் சீக்கிரமே முடிந்துவிட்டதாகத் தோன்றினால் மன்னிக்கவும் — கம்பைலர் நிற்கும் அடுத்த ஃபைல் என்னுடையது.